ஒன்பதாம் கேள்வியும் பத்து மணி வெட்டும்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்கள் முன்னால் வந்து நின்று நாலு நல்ல வார்த்தை சொல்லும்படி கேட்டார்கள். மத்தியானம் ரோல்ஸும் தேத்தண்ணியும் தருவார்களாம். ரோல்ஸ் நன்றாகத்தான் இருக்கும். என்னிடம்தான் நல்ல வார்த்தை அவ்வளவாகக் கையிருப்பில் இல்லை. நான் வேலையை விட்டு இரண்டு வருஷமாகிறது, கோபம் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. பேச நின்றால் குரல் உயரும், கை ஆடும், பின்வரிசையில் யாராவது போனைத் தூக்கி வீடியோ எடுப்பீர்கள். ஆகவே எழுதித் தருகிறேன். வாசித்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

முதலில் ஒன்று. தமிழில் வரும் போன்களை எடுக்கிற தமிழ் மேசைக்கு வருகிறவர்களுக்குப் பயிற்சியில் ஒரு மாதிரி அழைப்பைப் போட்டுக் காட்டுகிறார்களே, ஒரு பெண் வாடிக்கையாளரிடம் ஊர் கேட்டு, உறவு கேட்டு, சிரித்துச் சிரித்துப் படிவம் நிரப்புகிறாளே, அந்தக் குரல் என்னுடையது. அதை எடுத்துவிடுங்கள் என்று நான் மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். இன்னும் போட்டுக் காட்டுகிறார்கள் என்று போன கிழமை கேள்விப்பட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம். அந்தப் பெண்ணை நம்பாதீர்கள்.

உங்கள் வேலை, காசை முன்கூட்டிப் போட்டுக் கரண்ட் எடுக்கும் மீற்றர்களை மாத பில்லுக்கு மாற்றுவது. ஒவ்வொரு கட்டடமாக எல்லாவற்றையும் மாற்றி முடிக்கப் போகிறீர்களாம். மெத்தச் சந்தோஷம். நான் இருந்த காலத்தில் அப்படி இல்லை. மாற விரும்புகிறவர் எங்களிடம் கேட்க வேண்டும், நாங்கள் தகுதி பார்க்க வேண்டும், கொம்பனி மனம் இரங்க வேண்டும்.

உங்களில் பலர் அந்தப் பழைய மீற்றரைக் கண்ணால் கண்டிருக்க மாட்டீர்கள். குசினிச் சுவரில், அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, அதில் எண் பொத்தான்கள். கடையிலோ போனிலோ காசு கட்டினால் நீளமான ஒரு கோட் தருவார்கள். அதை அடித்தால் பெட்டியில் தொகை ஏறும். சோறு அவிய, விளக்கு எரிய அது இறங்கிக்கொண்டே வரும். கனடாவுக்குப் புதிதாக வந்து கடன் சரித்திரம் என்று காட்ட ஒன்றும் இல்லாதவர்களுக்கும், எப்போதோ ஒரு பில்லைப் பிந்திக் கட்டியவர்களுக்கும் அந்தப் பெட்டிதான் விதி. இரவிலும் சனி ஞாயிறிலும் விடுமுறை நாளிலும் தொகை பூச்சியத்துக்குக் கீழே போனாலும் கரண்ட் நிற்காது. வேலை நாள் காலை பத்து மணிக்கு நிற்கும். அந்த விட்டுக்கொடுத்த நேரத்துக்குக் கொம்பனி வைத்த பெயர் ‘நட்பு நேரம்’. அப்படியானால் பத்து மணிக்குப் பிறகு நாங்கள் யார் என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். அடுத்த விஷயத்துக்குப் போனார்கள்.

இன்னொன்றும் சொல்லித் தந்தார்கள். ‘வெட்டினோம்’ என்று நாங்கள் சொல்லக்கூடாது. ‘வாடிக்கையாளர் மின்சாரம் வாங்கவில்லை’ என்று சொல்ல வேண்டும். பெட்டி தானாக நிறுத்துகிறது, ஆகவே கொம்பனி ஒருவரையும் இருட்டில் விடுவதில்லை, அவர்களாகவே போய் இருக்கிறார்கள். இதை நான் எத்தனையோ வருஷம் போனில் சொல்லியிருக்கிறேன். நல்ல தமிழில் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் வாயைக் கழுவ வேண்டும் போல இருக்கிறது.

மாத பில்லுக்கு மாறுவதற்கு ஒரு விதி இருந்தது. கடைசி ஆறு மாதத்தில் ஒருமுறையும் கரண்ட் நின்றிருக்கக்கூடாது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கரண்ட் நிற்கிறது என்பதற்காகத்தான் ஆட்கள் மாறக் கேட்கிறார்கள். நின்றதால் மாற முடியாது என்கிறோம். இந்த விதியை எழுதியவர் ஒருநாளும் குளிர்ப்பெட்டியைத் திறந்து உருகின மீனைப் பார்த்து நின்றிருக்கமாட்டார்.

அந்த விதிக்கு ஒரே ஒரு கதவுதான் இருந்தது. படிவத்தின் ஒன்பதாம் கேள்வி. வீட்டில் யாராவது மின்சாரத்தில் இயங்கும் மருத்துவ உபகரணம் பாவிக்கிறார்களா? ‘ஓம்’ என்றால் எல்லாம் மாறிவிடும். அன்றைக்கே அந்த மீற்றரைக் கரண்டை வெட்டாதபடி பூட்டலாம், அடுத்த மாதம் முதல் பில். ‘இல்லை’ என்றால் பழையபடி ஆறு மாதக் கணக்கு.

தமிழ் மேசை தொடங்கிய நாளிலிருந்து நான்தான் அதில் இருந்தேன். எனக்கு அதில் பெரிய பெருமை. மற்றவர்கள் படிவத்தை வாசித்து ஒப்பிப்பார்கள், நான் மனுசரோடு கதைப்பேன். எடுத்த உடனே “ஊரிலை எவடம்?” என்று கேட்பேன். அவரும் எங்களைப் போலக் கத்தோலிக்கர் என்றால் இன்னும் ஒரு படி மேலே போய் எந்தப் பங்கு, எந்தக் கோயில் என்று கேட்பேன். நாலாவது கேள்வி வருவதற்குள் யாரோ ஒரு பொது மச்சானையோ மச்சாளையோ கண்டுபிடித்துவிடுவேன். அதற்குப் பிறகு எல்லாம் சுமுகமாகப் போகும். கொம்பனி எனக்குச் சான்றிதழ் தந்தது. ஆனால் ஒரு விஷயத்தை நான் கவனிக்கவில்லை. என்னிடம் வந்த எங்கள் சனத்தில் அநேகமாக ஒருவரும் ஒன்பதாம் கேள்விக்கு ‘ஓம்’ என்று சொன்னதில்லை. எங்கள் ஆட்கள் எல்லாரும் நல்ல சுகமாக இருக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் புத்தியை என்னவென்று சொல்ல!

இனி நான் சொல்லப்போகிறவரை பிலோமினா அக்கா என்று அழைக்கிறேன். அது அவருடைய பெயர் இல்லை. ஊரையும் சொல்லமாட்டேன், அடையாளம் தெரியக்கூடிய எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். மல்வேர்னில் ஒரு வாடகைக் கட்டடம், அதில் பாதித் தமிழ்ச் சனம். விடியக் காலை வேலையாட்களை ஏற்றுகிற வான் வண்டியில் ஏறி, தூரத்துப் பிறம்ரனுக்குப் போய் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிற வேலை அவருக்கு. மகள் விட்பியில் வேலை. கணவர் வீட்டில். யூன் மாதத்தில் ஒருநாள் போன் எடுத்து, மாத பில்லுக்கு மாற வேண்டும் என்றார்.

“ஊரிலை எவடம் அக்கா?”

சொன்னார்.

“அட, நாங்கள் பக்கத்துப் பங்கெல்லே! பெருநாளுக்கு உங்கட கோயிலுக்கு நடந்து வந்திருக்கிறன். நீங்கள் ஆற்றை பகுதி, எந்தக் குடும்பம்?”

கொஞ்சம் தயங்கி அதையும் சொன்னார். என் மச்சாள் ஒருத்தி அந்தப் பகுதியில்தான் கலியாணம் செய்திருந்தாள். எனக்குச் சந்தோஷத்தில் ஒரே புளுகம். மச்சாள் இப்போது எங்கே, பிள்ளைகள் எத்தனை என்றெல்லாம் நான் சொல்லிக்கொண்டு போனேன். அவர் “ஓம், ஓம்” என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு படிவத்துக்கு வந்தேன். ஒன்பதாவது கேள்வி.

“வீட்டிலை ஆரும் வருத்தக்காரர் இருக்கினமோ அக்கா? மெஷின் ஏதும் பாவிக்கிற ஆக்கள்?”

ஒரு சின்ன இடைவெளி. மூச்சு ஒன்று உள்ளே போய் நின்றது.

“இல்லைப் பிள்ளை. எல்லாரும் நல்ல சுகம்.”

“கடவுளே எண்டு அப்பிடியே இருக்கட்டும்” என்று சொல்லி ‘இல்லை’ என்று அடித்தேன்.

அந்த ஆறு மாதத்தில் அவருடைய கரண்ட் இரண்டு முறை நின்றிருந்தது. கொம்பியூட்டர் உடனே மறுத்துவிட்டது. நான் அதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே? “ஒரு விதத்திலை உது நல்லதக்கா” என்றேன். “பில் எண்டு வந்தால் தலையிடி. கையிலை இருக்கிறதைப் போட்டுக் கரண்டை எடுத்தால் ஒருத்தனுக்கும் கடன்காரர் இல்லைத்தானே.” அவர் “ஓம் பிள்ளை” என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அழைப்பு முடிந்ததும் நான் இன்னொரு நல்ல காரியம் செய்தேன். அவருடைய கணக்கில் ‘தமிழ்’ என்று ஓர் அடையாளம் போட்டேன். இனி அவர் எந்த இலக்கத்துக்கு எடுத்தாலும், ஆங்கில மேசைக்கு எடுத்தாலும், நேரே என்னிடம் வரும். அவருக்கு வசதியாக இருக்கட்டும் என்றுதான் போட்டேன். யூலையில் இரண்டு முறை அந்தக் கணக்கிலிருந்து அழைப்பு வந்தது. நான் “வணக்கம்” என்று சொன்னதும் மறுமுனையில் வைத்துவிட்டார்கள். லைன் சரியில்லை என்று நினைத்தேன்.

ஓகஸ்ட் மாதம். திங்கட்கிழமை விடுமுறையோடு சேர்ந்த நீண்ட வார இறுதி. மூன்று நாளும் நெருப்பு வெயில். ‘நட்பு நேரம்’ என்பதால் ஒருவருக்கும் கரண்ட் நிற்கவில்லை. ஆனால் எல்லாருடைய பெட்டியிலும் தொகை பூச்சியத்துக்குக் கீழே போயிருந்தது. செவ்வாய் காலை சனம் காசு கட்டப் பார்த்தபோது கோட் கொடுக்கிற எங்கள் இயந்திரம் படுத்துவிட்டது. சிலருக்குக் கோட் வரவில்லை, சிலருக்கு வந்த கோட்டைப் பெட்டி ஏற்கவில்லை. பிழை முழுக்க எங்களுடையது.

ஒன்பதரை மணிக்கு நான் மேற்பார்வையாளரிடம் போனேன். கெட்ட மனிதர் இல்லை. விதி புத்தகத்தைத் தலையணையாக வைத்துப் படுக்கிற ஆள்.

“பத்து மணி வெட்டை இன்றைக்கு நிறுத்துங்கள்” என்றேன்.

“அதற்கு எனக்கு அதிகாரம் இல்லை. மேலே கேட்டிருக்கிறேன்.”

“மேலே இருக்கிறவர் எங்கே?”

“விடுமுறைக்குப் போன கொட்டேஜிலிருந்து வந்துகொண்டிருக்கிறார். ரோட்டில் நெரிசலாம்.”

பத்து மணியானது. பெட்டிகள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தன. எங்கள் இயந்திரங்களில் ஒழுங்காக வேலை செய்தது அது ஒன்றுதான். போன்கள் எல்லாம் ஒன்றாக அடிக்கத் தொடங்கின. எங்கள் திரையில் ஒரு வாசகம் வந்தது: ‘வாடிக்கையாளர்கள் மின்சாரம் வாங்கவில்லை என்று சொல்லவும்.’ வாங்க வந்த சனத்துக்கு விற்க வக்கில்லாமல் இருந்துகொண்டு இதைச் சொல்லச் சொன்னார்கள்.

பத்து நிமிஷம் போயிருக்கும், பிலோமினா அக்கா லைனில் வந்தார். களஞ்சியத்தின் இரைச்சல் பின்னால் கேட்டது. இரகசியமாகக் கதைக்கிற குரல்.

“கரண்ட் நிண்டிட்டுதாம். உடனை போடுங்கோ.”

“அக்கா, எல்லாருக்கும் நிண்டிட்டுது. மெஷின் பழுது. ஒரு மணித்தியாலத்திலை சரியாயிடும். குளிர்ப்பெட்டியைத் திறக்காமல் இருந்தால் சாமான் பழுதாகாது.”

“காசு விடியவே போட்டனான். கோட்டை அவர் அடிச்சவராம், ஏற்கேல்லையாம்.”

“தெரியும் அக்கா. கொஞ்சம் பொறுங்கோ.”

அவர் குரலை இன்னும் தாழ்த்தினார். பிறகு அவர் சொன்னார்: “பிள்ளை, குறை நினையாதேங்கோ. வேறை ஆரிட்டையும் போனைக் குடுங்கோ.”

“ஏன் அக்கா?”

“தமிழ் இல்லாத ஆரும். ஒரு வெள்ளைக்காரரிட்டையெண்டாலும் குடுங்கோ.”

எனக்குச் சுருக்கென்று குத்தியது. இவ்வளவு போன் அடிக்கிற நேரத்தில், அவருடைய பாஷையிலேயே, அவருடைய பக்கத்துப் பங்குக்காரி கதைக்கிறேன், வெள்ளைக்காரன் வேண்டுமாம். “என்னட்டைச் சொல்லுங்கோ அக்கா” என்றேன், குரலில் கொஞ்சம் சூட்டோடு. “நான் உங்கட இடத்து ஆள்தானே?”

“அதுதான் பிள்ளை” என்றார். “அதுதான் சொல்ல ஏலாமல் கிடக்கு.”

பிள்ளைகள், அந்த இடத்தில் நான் மூன்று செக்கனோ நாலு செக்கனோ வீணாக்கினேன். என் மானத்தை நினைத்து வீணாக்கினேன். பக்கத்து மேசையில் ஹலிமா இருந்தாள். சோமாலி மேசை அவளுடையது. அவளும் நானும் வருஷக்கணக்காக ஒரே சமோசாப் பெட்டியைப் பங்கு போட்டவர்கள். நான் ஒன்றும் விளக்கவில்லை. அழைப்பை அவளுக்கு மாற்றிவிட்டு, “எடு, இவர் என்னோடு கதைக்கமாட்டார்” என்றேன்.

ஹலிமா எடுத்தாள். கேட்டாள். அவளுடைய முதுகு நிமிர்ந்தது. கேட்டதைத் திருப்பிச் சத்தமாகச் சொன்னாள், எனக்கும் கேட்கட்டும் என்று. வீட்டில் கணவர். ஒட்சிசன் மெஷின். நின்றுவிட்டது. அவசரத்துக்கென்று ஒரு சின்னச் சிலிண்டர் இருக்கிறது, அதில் எவ்வளவு மிச்சம் என்று தெரியாது. அவர் தனியே. மனைவி பிறம்ரனில், வீட்டுக்கு வர ஒன்றரை மணித்தியாலம் செல்லும்.

யூன் மாதத்து அந்த இடைவெளியும், யூலையில் என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்ட அந்த இரண்டு அழைப்பும் அப்போதுதான் எனக்கு விளங்கின.

“நான் அம்புலன்ஸைக் கூப்பிடுகிறேன்” என்று ஹலிமா சொன்னாள். மறுமுனையில் பிலோமினா அக்கா அழுதுகொண்டு வேண்டாம் என்று கெஞ்சுவது அவள் காதில் மாட்டியிருந்த ஹெட்செட் வழியாக எனக்கே கேட்டது. அவருடைய துண்டு துண்டான இங்கிலீசில் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார். கட்டடத்தில் சனம் பார்க்கும். மகளுக்குக் கலியாணம் பேசி வருகிறது. சனம் பார்க்கும். ஹலிமா, “பார்க்கட்டும், மெடம்” என்று சொல்லிவிட்டு மற்றப் போனில் 911 அடித்தாள். அன்றைக்கு அந்த அழைப்பு என்னிடமே இருந்திருந்தால், அந்தக் கெஞ்சலுக்கு நான் இணங்கியிருப்பேன். தகப்பனுக்குச் சுவாசப்பை வருத்தம் என்றால் பரம்பரையோ என்று கேட்பார்கள், மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒரு சாட்டுச் சொல்லி விலகுவார்கள், இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்ததால் யோசித்திருப்பேன். ஹலிமாவுக்கு அது ஒன்றும் தெரியாது. அதனால் அவள் சரியானதைச் செய்தாள்.

நான் மேற்பார்வையாளரிடம் ஓடினேன். மருத்துவப் பூட்டைப் போட்டால் இந்த ஒரு மீற்றருக்கு மட்டும் உடனே கரண்டைத் திருப்பி விடலாம். அவர் கணக்கைத் திறந்து பார்த்தார்.

“ஒன்பதாம் கேள்விக்கு இல்லை என்று இருக்கிறது” என்றார். “வாடிக்கையாளரே சொன்ன பதில். இப்போது மாற்றுவதென்றால் டொக்டர் கடிதம் வேண்டும்.”

“டொக்டர் கடிதம் வரும்வரைக்கும் அந்த மனுசன் மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பாரா?”

“விதி—”

“வாடிக்கையாளர் ஓம் என்றுதான் சொன்னார்” என்றேன். “நான்தான் பிழையாக இல்லை என்று அடித்தேன். என் பிழை. ஊழியர் பிழை என்றால் கடிதம் இல்லாமல் திருத்தலாம், இல்லையா?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “நிச்சயமா?”

“நிச்சயம்.”

அவருக்கு அது பொய் என்று தெரிந்திருக்கும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். மவுஸைப் பிடித்துத் திரையில் ஒரு கட்டத்தைச் சொடுக்கினார். பத்து இருபத்தெட்டுக்கு அந்த வீட்டுக் கரண்ட் வந்தது.

அம்புலன்ஸ்காரர் போனபோது அந்த மனிதர் பல்கனிக் கதவடியில் கதிரை போட்டுச் சிலிண்டரோடு இருந்தாராம். சிலிண்டர் முடியப் போகிற தறுவாயில் இருந்ததாம். ஆஸ்பத்திரியில் ஓர் இரவு வைத்துவிட்டு அனுப்பினார்கள். இதை ஹலிமா மறுநாள் போன் எடுத்துக் கேட்டுச் சொன்னாள். நான் எடுக்கவில்லை. அந்தக் கணக்கில் நான் போட்ட ‘தமிழ்’ அடையாளத்தை முதல் வேலையாக அழித்திருந்தேன்.

இனிக் கொம்பனியின் திருவிளையாடலைக் கேளுங்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை பற்றி ஒரு விசாரணை நடந்தது. கோட் இயந்திரம் ஏன் படுத்தது என்று அல்ல. பத்து மணி வெட்டை ஏன் ஒருவரும் நிறுத்தவில்லை என்றும் அல்ல. கொட்டேஜிலிருந்து வந்துகொண்டிருந்தவரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. யூன் மாதத்து ஒலிப்பதிவை எடுத்துக் கேட்டார்கள். அதில் வாடிக்கையாளர் ‘இல்லை’ என்று சொல்வது தெளிவாக இருந்தது. நான் பதிவை மாற்றுவதற்காகப் பொய் சொன்னேன் என்று கண்டுபிடித்து, எழுத்தில் எச்சரிக்கை தந்தார்கள். அந்தக் கடிதத்தில் ‘நம்பகத்தன்மை’ என்ற சொல் நாலு இடத்தில் வருகிறது. நான் எண்ணினேன்.

கையெழுத்துப் போடும்போது சொன்னேன்: “வாடிக்கையாளர் இல்லை என்று சொன்னது உண்மை. பிழை என்னுடையது என்பதும் உண்மை.” அவர்களுக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்த எனக்கும் பொறுமை இல்லை. உங்களுக்குச் சொல்கிறேன். அந்த மனுசி முதலில் போன் எடுத்தபோது, கேள்வி கேட்கிறவள் யாரோ ஒருத்தியாக இருந்தாள். நான் ஊரைக் கேட்டேன், பங்கைக் கேட்டேன், பகுதியைக் கேட்டேன், மச்சாளைக் கொண்டுவந்து நடுவில் இருத்தினேன். அதற்குப் பிறகுதான் வீட்டில் வருத்தக்காரர் உண்டா என்று கேட்டேன். மகளுக்குக் கலியாணம் பேசுகிற ஒரு தாய் அந்தக் கேள்விக்கு வேறு என்ன பதில் சொல்வாள்? அவர் கொம்பனிக்குப் பொய் சொல்லவில்லை. ஊருக்குச் சொல்கிற பதிலை எனக்குச் சொன்னார். நான்தான் ஊரைப் போனுக்குள் கொண்டுவந்தேன்.

ஹலிமாவிடம் இதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. “என் சனமும் என்னிடம் எல்லாரும் சுகம் என்றுதான் சொல்கிறது” என்றாள். அன்றிலிருந்து எங்களுக்குள் ஓர் ஒழுங்கு வைத்தோம். ஒன்பதாம் கேள்வி வந்தால் என்னுடைய அழைப்பு அவளுக்குப் போகும், அவளுடையது எனக்கு வரும். இங்கிலீஷ் குறைவு என்றாலும் பரவாயில்லை, மெஷின் என்ற சொல் எல்லாருக்கும் தெரியும். ‘ஓம்’ வரத் தொடங்கியது. மூச்சு மெஷின், சிறுநீரக மெஷின், படுக்கைப் புண் வராமல் காற்றடிக்கிற மெத்தை. இத்தனை வருஷமாக எங்கள் பத்து மணி வெட்டுக்குக் கீழே இவ்வளவு சனம் படுத்துக் கிடந்திருக்கிறது. நாங்கள் இருவரும் கழிப்பறையில் நின்று அழுதோம், பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து வேலை பார்த்தோம். அழைப்பு நேரம் கூடுகிறது என்று கொம்பனி முறைப்பாடு செய்தது.

பிலோமினா அக்கா மாத பில்லுக்கு மாறினார். ஹலிமா விபரம் சொல்லப் போன் எடுத்தபோது அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. மெஷின் விஷயம் எங்கேயாவது எழுதப்பட்டிருக்குமா? இருக்கும். எங்கள் மூளைசாலிகள் மருத்துவக் கணக்குகளுக்கு கட்டடத்து மின்சார அறைக் கதவில் வீட்டு இலக்கத்தோடு ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். தாழ்வாரத்தில் போகிற வருகிற எல்லாரும் பார்க்கலாம். பில்லுக்கு மாறிய பிறகு பெட்டி வெட்டப் போவதே இல்லை. பிறகு என்னத்துக்கு ஸ்டிக்கர்? இரண்டு மாதம் சண்டை பிடித்து அதை நிறுத்தினேன். எச்சரிக்கைக் கடிதம் கையில் இருந்ததால் இழக்க எனக்குப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை.

இவ்வளவு நடந்த பிறகும் என் மனதில் ஒரு குறை கிடந்தது, உள்ளதைச் சொல்கிறேன். கணவர் சாகக் கிடந்த நேரத்திலும், நான் யாரிடமாவது சொல்லிவிடுவேன் என்று அந்த மனுசி நினைத்தாரே! என்னை அப்படியா நினைத்தார்? எனக்கு அது கோபமாகவே இருந்தது.

இலையுதிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வீட்டுக்கு வந்து சமைத்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. எனக்கு முகம் மட்டும் தெரிந்த ஒரு பெண். விட்பியில் இருக்கிறார். சுகம் கேட்டார், பிள்ளைகளைக் கேட்டார், மச்சாளைக் கேட்டார். பிறகு விஷயத்துக்கு வந்தார். அவருடைய அக்காவின் மகனுக்கு ஓர் இடம் பேசி வருகிறதாம். மல்வேர்னில், எங்கள் பக்கத்துச் சனம். நல்ல பிள்ளையாம்.

“நீங்கள் கரண்ட் கொம்பனியிலைதானே வேலை, அதுதான் கேக்கிறன். ஓகஸ்டிலை அந்த வீட்டுக்கு அம்புலன்ஸ் வந்ததாம். தகப்பனுக்கு ஏதும் மெஷின் கிஷின் பூட்டியிருக்கோ? உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமெல்லே?”

‘வாடிக்கையாளர் விஷயம் வெளியில் சொல்லக்கூடாது’ என்று சொல்ல வாய் எடுத்தேன். பயிற்சியில் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். நல்லவேளையாக நிறுத்தினேன். சொல்லக்கூடாது என்றால் சொல்ல ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம். அந்த ஒரு வசனம் போதும், பின்னேரத்துக்குள் விட்பி முழுக்க மெஷின் என்று பரவிவிடும்.

“அந்தக் குடும்பத்தை எனக்குத் தெரியாது” என்றேன்.

“என்னப்பா, பக்கத்துப் பங்கு எண்டு சொல்லினம்?”

“தெரியாது. ஒருநாளும் கதைச்சதில்லை.”

போனை வைத்துவிட்டு அடுப்பை நிறுத்தினேன். கதிரையில் இருந்தேன். என்னை நானே ஒன்று கேட்டுப் பார்த்தேன். இதே பெண் யூன் மாதத்தில் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், பிலோமினா அக்காவும் ஒன்பதாம் கேள்விக்கு ஓம் என்று சொல்லியிருந்தால், நான் என்ன சொல்லியிருப்பேன்? சொல்லியிருப்பேன், பிள்ளைகள். கெட்ட எண்ணத்தில் இல்லை. “ஓமப்பா, பாவம், மெஷினிலைதான் சீவிக்கிறார், ஆனால் நல்ல சனம்” என்று, உதவி செய்கிற நினைப்பில், ஒரு நிமிஷமும் யோசிக்காமல் சொல்லியிருப்பேன். சான்றிதழ் தந்த கொம்பனிக்கு என்னைத் தெரிந்திருக்கவில்லை. எனக்கும் என்னைத் தெரிந்திருக்கவில்லை. ஒரு போன் அழைப்பில் அந்த மனுசி என்னைச் சரியாக அளந்துவிட்டார்.

அந்தக் கலியாணம் நடந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. கோயிலில் எத்தனையோ பேரைக் காண்கிறேன், அவர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். நான் விசாரிக்கவில்லை.